காற்று தள்ளியதா, கை தள்ளியதா?

கேள்வி, 19 ஜூலை 2025, மாலை 6.15

மகள் போன மாதம்தான் விமானப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். நேற்று யாரோ ஒரு காணொளி அனுப்பினார்கள். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், நல்ல காற்று. இறங்கும்போது தரையில் பட்டு எகிறியது, மறுபடி பட்டு எகிறியது, மூன்றாவது தடவை மூக்கைக் குத்தி நின்றது. கீழே எல்லோரும் ஓட்டியவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். அடிக்கிற காற்றுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? காற்று தள்ளினால் தள்ளினதுதானே?

19 ஜூலை, இரவு 10.40

தள்ளினால் தள்ளினதுதான். அதே மூன்று குதியைக் குதித்து, அதே மாதிரி மூக்கைக் குத்தி நிறுத்தியவன் நான். 1996, ஆடி மாதம், செஸ்னா 152, தனியாக. எந்த ஊர், எந்தக் கிளப் என்று கேட்காதீர்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சீராக அடிக்கிற காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் பறக்கிற விமானத்துக்கு அது தெரியாது. ஆற்றோடு போகிற பரிசலில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தண்ணீர் ஓடுவது தெரியாது, சுழலில் மாட்டும்போதுதான் தெரியும். அப்படித்தான் இதுவும். ஆபத்து காற்றில் இல்லை, காற்று மாறுவதில் இருக்கிறது. நடுநடுவே குப்பென்று ஒரு வீச்சு வரும், கஸ்ட் என்பார்கள். அது வந்துவிட்டு சட்டென்று அடங்கும். அடங்கும் நேரம்தான் மோசம். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 நாட்டில் வந்துகொண்டிருக்கிறீர்கள், எதிர்க்காற்றில் 10 நாட் திடீரென்று காணாமல் போகிறது என்றால் இறக்கைக்குக் கிடைப்பது 50. தூக்குவிசையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தரைக்கு மேல் இருபது அடியில் இது நடந்தால் யோசிக்க நேரம் இல்லை.

செஸ்னா 152 முழுச் சுமையோடு 757 கிலோ. ஆள் ஏறிய மாருதி 800 அவ்வளவு இருக்கும். 110 குதிரைசக்தி. காற்று நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் வைக்கும்.

அன்று காற்று 250 டிகிரியிலிருந்து 14 நாட், வீச்சில் 24. ரன்வே 21. இந்த விமானத்தின் பக்கக்காற்று எல்லை 12 நாட். வீச்சில் அது 15-ஐத் தாண்டிவிட்டது. எல்லை மீறிய காற்றில் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் கதை.

20 ஜூலை, காலை 7.05

ராத்திரி எழுதியதில் ஒரு தப்பு. ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். 12 நாட் என்பது எல்லை இல்லை.

கையேட்டில் இருப்பது "செய்து காட்டப்பட்ட பக்கக்காற்று வேகம்". புது ரகத்துக்கு அனுமதி வாங்கும்போது சோதனை விமானி ஒரு குறைந்தபட்சப் பக்கக்காற்றிலாவது இறக்கிக் காட்ட வேண்டும். அமெரிக்க விதிப்படி அது ஸ்டால் வேகத்தில், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்கிற வேகத்தில், ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சோதனையில் எவ்வளவு காற்றில் இறக்கினார்களோ அதை எழுதிவிடுவார்கள். 13-ல் இறங்க முடியாது என்று அதற்குப் பொருள் இல்லை. 11-ல் நீங்கள் பத்திரம் என்றும் பொருள் இல்லை. ஓட்டியவர் சோதனை விமானி என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளிகள் மாணவர்களுக்கு இதைவிடக் குறைவாகத் தனி வரம்பு வைப்பது அதனால்தான்.

இந்த வார்த்தைக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் புயல் நாளில் ஒரு ஏ320 பயணிகள் விமானம் இறங்கப் போய், இடது இறக்கை நுனி ரன்வேயில் உரசியது. எழுப்பிக்கொண்டு போய் வேறு ரன்வேயில் இறக்கினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை விசாரித்த ஜெர்மன் அமைப்பு, "செய்து காட்டப்பட்டது" என்ற சொல்லை ஒவ்வொரு விமானியும் ஒவ்வொரு மாதிரி புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டியது. பெரிய விமானக்காரர்களே அப்படி. இருபத்திரண்டு வயதில் எனக்கு என்ன தெரியும்?

அதனால் "எல்லை மீறிய காற்று" என்பதை அடித்துவிடுங்கள். காற்று பலம் என்பது மட்டும் நிற்கட்டும்.

20 ஜூலை, மாலை

நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 14 நாட் என்பது 26 கிலோமீட்டர். வண்டியில் போகிறவர்களுக்கு ஒன்றுமே இல்லாத வேகம்.

250, ரன்வே 21 என்று நான் எழுதியது புரியவில்லை என்றவருக்கு: ரன்வே 21 என்றால் 210 டிகிரி பார்த்த ரன்வே, ஒரு சைபரை விட்டு எழுதுவார்கள். காற்று 250 என்றால் நாற்பது டிகிரி சாய்வாக வருகிறது. மனக்கணக்கு ஒன்று உண்டு. 30 டிகிரி சாய்வு என்றால் காற்றில் பாதி பக்கவாட்டில் தள்ளும், 45 என்றால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, 60 என்றால் கிட்டத்தட்ட முழுசும். 40 டிகிரிக்கு 14-ல் 9 நாட், 24-ல் 15.

காற்றுப்பையைப் பார்த்தால் தெரியாதா என்று இன்னொருவர் கேட்கிறார். திசை தெரியும். அமெரிக்க அளவில் செய்த பை 15 நாட்டிலேயே முழுக்க நீட்டி நின்றுவிடும். அதற்கு மேல் 20 அடித்தாலும் 30 அடித்தாலும் அதே விறைப்புதான். பை என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதைவிட, விறைத்து விறைத்துத் தொங்குகிறதா என்று பார்ப்பது நல்லது. தொங்கித் தொங்கி எழுந்தால் வீச்சு இருக்கிறது.

22 ஜூலை, இரவு

சரி, முழுசாகச் சொல்கிறேன். அப்போது என் கணக்கில் மொத்தம் முப்பத்தொரு மணி நேரப் பறப்பு. தனியாகப் போனது ஐந்தாவது தடவையோ ஆறாவதோ. மூன்று மணிக்குக் கிளம்பி, பக்கத்தில் பயிற்சிப் பகுதியில் சுற்றிவிட்டு, மூன்றரைக்குத் திரும்பினேன். ஆடியில் மூன்று மணி என்பது வெயிலும் காற்றும் சேர்ந்து ஆடுகிற நேரம்.

வீச்சு இருந்தால் வழக்கமான இறங்கு வேகத்தோடு வீச்சில் பாதியைக் கூட்ட வேண்டும். 14-க்கும் 24-க்கும் வித்தியாசம் 10. பாதி 5. நாங்கள் ஃபிளாப் போட்டு, அதாவது இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இறக்கி, 60 நாட்டில் வருவோம், அன்று 65-ல் வந்திருக்க வேண்டும். நான் பத்தையும் கூட்டினேன். பயத்துக்கு இன்னொரு ஐந்து. 75-ல் வந்தேன். பத்து நாட் கூடினால் என்ன என்று தோன்றும். 65-க்குப் பதில் 75 என்றால் விமானத்தில் இருக்கிற ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு அதிகம், இதுவும் வர்க்கக் கணக்குதான். அந்த ஆற்றலை எங்கேயாவது செலவழிக்காமல் விமானம் உட்காராது.

உட்காரவில்லை. தரைக்கு மேல் நாலடியில் மிதந்துகொண்டே போனது. தரைக்கு ரொம்பப் பக்கத்தில் இறக்கைக்கு இழுவிசை குறையும், அதனால் இன்னும் மிதக்கும். இடது கையால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, காற்று வருகிற பக்கம் இறக்கையைச் சாய்த்து, வாலில் இருக்கிற ரட்டரால் மூக்கை நேராக வைத்துக்கொண்டு, இது எப்போது இறங்கும் என்று காத்திருந்தேன். செஸ்னாவில் ஸ்டிக் என்பது உண்மையில் அரை ஸ்டியரிங் மாதிரி ஒரு சக்கரம், ஆனால் கிளப்பில் எல்லோரும் ஸ்டிக் என்றுதான் சொல்வோம். ரன்வே பாதி போய்விட்டது. பொறுமை போய்விட்டது. கொஞ்சம் முன்னால் அழுத்தினேன்.

முன்சக்கரம் முதலில் பட்டது. இங்கேதான் எல்லாம் ஆரம்பம். இறங்கும்போது பின்னால் இருக்கிற இரண்டு பெரிய சக்கரங்கள் முதலில் பட வேண்டும். முன்சக்கரம் முதலில் பட்டால் அது மூக்கைத் தூக்கி எறியும். மூக்கு எழும்பினால் இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் கூடும். வேகமும் மிச்சம் இருக்கிறதா, விமானம் மறுபடி பறக்கத் தொடங்கிவிடும். ஓட்டுகிறவன் பயந்து மூக்கை அழுத்துவான். அவன் அழுத்துகிற நேரத்தில் விமானம் தானாகவே மூக்கைக் கவிழ்த்திருக்கும். இரண்டும் சேர்ந்து முன்னைவிடப் பலமாகக் குத்தும். ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளுவது மாதிரி. ஒவ்வொரு குதிக்கும் உயரம் கூடும், பெரும்பாலும் மூன்றாவதில் ஏதாவது உடையும்.

முதல் குதி ஆறடி இருக்கும். இரண்டாவது அதைவிட மேலே. அப்போது வந்தது பாருங்கள் ஒரு வீச்சு, வலப்பக்க இறக்கையைத் தூக்கியது. இறங்க வேண்டாம், எழுப்பிக்கொண்டு போய்விடலாம் என்று இன்ஜினுக்குச் சக்தி கூட்டுகிற திராட்டிலை முழுக்கத் தள்ளினேன். இன்ஜின் வேகம் எடுப்பதற்குள் மூன்றாவது குதி. முன்சக்கரத் தண்டு மடங்கியது. ப்ரொப்பெல்லர் ரன்வேயை வெட்டியது. அப்புறம் ஒரே அமைதி.

இன்ஸ்ட்ரக்டர் ஜீப்பில் வந்தார். கத்துவார் என்று பார்த்தேன். கதவைத் திறந்து, "தம்பி, மேக்னெட்டோ ஆஃப் பண்ணியாச்சா?" என்றார். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுப்பது அதுதான். "பண்ணிட்டேன் சார்." "அடி ஏதாவது?" "இல்ல சார்." "சரி, இறங்கு." அவ்வளவுதான் பேச்சு.

அதனால்தான் சொல்கிறேன், காணொளியில் இருக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். வேகம் கூடியது என் தப்பு. மற்றதெல்லாம் காற்று.

22 ஜூலை, நள்ளிரவு

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், செஸ்னா எம்மாத்திரம்" என்றவருக்கு: அம்மியை யாரும் 75 நாட்டில் தரைக்குக் கொண்டுவருவதில்லை.

23 ஜூலை

பல்லடத்துக்காரர் எழுதியிருப்பது சரிதான். அந்தப் பக்கம் காற்று வேறு ரகம். மேற்குத்தொடர்ச்சி மலை நீளத்துக்கும் சுவர் மாதிரி நிற்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் பெரிய வாசல். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வாசல் வழியாகப் புகுந்து வருகிறது. குறுகிய இடத்தில் புகுந்தால் வேகம் எடுக்கும். அதை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை. காற்றாலைக்காரருக்கு வரம், சின்ன விமானக்காரருக்கு விடியற்காலையில் மட்டும் வரம்.

ஆனால் நான் குத்தியது அங்கே இல்லை. வம்புக்கு இழுக்காதீர்கள்.

இன்னொன்று. வீச்சு என்பதைக் கணவாய் மட்டும் உண்டாக்குவதில்லை. ரன்வே பக்கத்தில் ஒரு ஹேங்கர் இருந்தால் போதும், அதைத் தாண்டி வருகிற காற்று சுழன்று சுழன்று வரும். எங்கள் கிளப்பில் வேப்பமரம் ஒன்று நின்றது. அதற்கு நேரே வரும்போது விமானம் ஒரு தடவை தலையாட்டும். பழகினவர்கள் "மரம் கும்பிடுது" என்பார்கள்.

25 ஜூலை

பெரிய விமானத்துக்கு இதெல்லாம் உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உண்டு. 2009 மார்ச் 23, டோக்கியோ பக்கத்தில் நரிட்டா. எம்டி-11 சரக்கு விமானம், அடிக்கிற காற்றில் இறங்கி, எகிறி, மறுபடி பட்டு, இறக்கை முறிந்து கவிழ்ந்து எரிந்தது. இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். நான் குதித்த அதே குதிதான், எடை மட்டும் வேறு.

இந்த வருடம் பிப்ரவரி 17-ல் டொரொன்டோவில் சிஆர்ஜே-900 பயணிகள் விமானம் கவிழ்ந்தது எல்லோரும் பார்த்தது. அங்கே குதி இல்லை. வீச்சுக்காற்றில் வந்து, நிமிடத்துக்கு 1,100 அடி அளவில் இறங்கிக்கொண்டே தரையில் மோதியது, வலப்பக்கச் சக்கரத் தண்டு உடைந்தது, இறக்கை பிரிந்தது, தலைகீழாக நின்றது. உள்ளே இருந்த 80 பேரும் பிழைத்தார்கள். விசாரணை முடியவில்லை, அதனால் அதில் காற்றின் பங்கு எவ்வளவு என்று நான் பேசப்போவதில்லை.

சின்ன விமானத்தில் இறங்கும் விபத்துகள்தான் எண்ணிக்கையில் அதிகம், உயிர்போவது அதில் அரிது. வேகம் குறைவு, தரை பக்கத்தில். மகளை நினைத்துக் கவலைப்படுகிற அப்பாவுக்கு இதையும் சொல்ல வேண்டும். போவது பெரும்பாலும் காசும் மானமும்தான்.

27 ஜூலை

இந்த இழையை என்னோடு பயிற்சியில் இருந்த நண்பன் படித்துவிட்டான். இப்போது பெரிய விமானத்தில் கேப்டன், பெயர் வேண்டாம். போன் செய்தான். பேச்சு இப்படிப் போனது.

"காத்தா? என்னடா காத்து? உனக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரு இறங்கி டீ குடிச்சிட்டு இருந்தோம்."

"24 கஸ்ட் இருந்துச்சே."

"அது மூணு மணி ரிப்போர்ட். நீ இறங்கறப்ப மூணரை ரிப்போர்ட் வந்தாச்சு. 14. கஸ்ட்டே கிடையாது. ரேடியோவுல உனக்கே சொன்னாங்க, நீ திருப்பியும் சொன்னே."

எனக்கு ஞாபகமே இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னதும் ஞாபகம் இல்லை. மூன்று மணிக் காற்றை மண்டையில் வைத்துக்கொண்டு மூன்றரை மணிக் காற்றில் இறங்கியிருக்கிறேன். இல்லாத வீச்சுக்காகப் பதினைந்து நாட் கூட்டியிருக்கிறேன்.

27 ஜூலை, ஒரு மணி நேரம் கழித்து

கடைசியாக ஒரு வக்கீல் வாதம். சராசரியைவிட 10 நாட் அல்லது அதற்கு மேல் கூடினால்தான் அறிக்கையில் வீச்சு என்று எழுதுவார்கள். ஆக 14-க்கு மேல் 23 வரை அடித்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்த வலப்பக்க இறக்கை எழுந்தது பொய்யில்லை.

28 ஜூலை

நேற்றைய வாதத்தை எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு ஒன்று.

விபத்துக்கு மறுநாள் காலை கிளப்பின் ஏஎம்இ என்னை ரன்வேக்குக் கூட்டிப்போனார். விமானத்தைப் பழுதுபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர், எல்லோருக்கும் அண்ணன். தாரில் ப்ரொப்பெல்லர் வெட்டிய தழும்புகள் வரிசையாக இருந்தன. அரிவாளால் போட்ட கோடு மாதிரி, குறுக்கே, ஏழு. "அடி வச்சுப் பாரு தம்பி, எவ்வளவு இடைவெளி" என்றார். வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டடி. "ரெண்டடி இருக்குண்ணே" என்றேன். "ம்" என்றார். ஹேங்கருக்குப் போய் ப்ரொப்பெல்லரைக் காட்டினார். இரண்டு நுனியும் பின்பக்கமாக, விமானியை நோக்கிச் சுருண்டிருந்தன. அதற்கும் "ம்". எழுத்தில் நான் "திராட்டிலை முழுக்கத் தள்ளினேன்" என்று கொடுத்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். மூன்றாவது குதியில் தரை வேகம் 40 நாட் என்று வைத்தால் வினாடிக்கு இருபது மீட்டர் சொச்சம். இரண்டு இலை ப்ரொப்பெல்லர், ஒரு சுற்றுக்கு இரண்டு வெட்டு. இரண்டடிக்கு ஒரு வெட்டு என்றால் வினாடிக்கு 34 வெட்டு, 17 சுற்று. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று. திராட்டில் முழுக்கத் திறந்திருந்தால் 2,300 பக்கம் சுற்றியிருக்கும், தழும்புகள் ஓரடிக்கும் குறைவான இடைவெளியில் விழுந்திருக்கும். இலை நுனியும் முன்பக்கம் வளைந்திருக்கும். இன்ஜின் இழுக்கும்போது பட்டால் முன்னால் வளையும், சும்மா சுற்றும்போது பட்டால் பின்னால் சுருளும் என்பது ஹேங்கரில் டீ வாங்கிவருகிற பையனுக்கும் தெரியும்.

நான் திராட்டிலைத் தள்ளவே இல்லை.

தள்ளினேன் என்பது மட்டும் சத்தியமாக ஞாபகம் இருக்கிறது. கை முன்னால் போனது இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. எந்தக் கை என்பதுதான். திராட்டில் வலது கையில், ஸ்டிக் இடது கையில். தள்ளியது இடது.

29 ஜூலை

இன்ஜின் வேகம் எடுக்க நேரம் பிடிக்கும், தள்ளிய பிறகும் ஆயிரத்திலேயே இருந்திருக்கலாமே என்று ஒருவர் எனக்காக வாதாடுகிறார். நன்றி. அந்தச் சின்ன இன்ஜின் ஜெட் இல்லை, தள்ளின உடனே உறுமும். தரை வேகம் 40 என்று எப்படித் தெரியும் என்றும் கேட்கிறார். தெரியாது, ஊகம்தான். 50 என்று வைத்துப் பாருங்கள், 1,270 சுற்று வருகிறது. அப்போதும் பாதிதான். 2,300 வர வேண்டும் என்றால் நான் 90 நாட்டில் குத்தியிருக்க வேண்டும், அப்படிக் குத்தியிருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் இருக்கச் சூடான காற்று விடுகிற கார்புரேட்டர் ஹீட் போட்டிருந்தால் சக்தி கொஞ்சம் குறையும் என்பது உண்மை. அந்தக் கொஞ்சம் இதற்குப் போதாது.

29 ஜூலை, மாலை

இன்ஜின் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: ப்ரொப்பெல்லர் தரையில் பட்டு நின்றால் இன்ஜினைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கிராங்க்ஷாஃப்ட் பக்கம் விரிசல் இருக்கலாம். முன்சக்கரத்தில் விழுந்த அடி இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், ஃபயர்வாலில், போய் முடிந்திருந்தது, தகடு நெளிந்திருந்தது. ஐந்து மாதம் விமானம் ஹேங்கரை விட்டு வரவில்லை. மற்றப் பையன்கள் எல்லோரும் மிச்சம் இருந்த ஒன்றுக்கு வரிசையில் நின்றார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும், அவ்வளவுதான்.

ஹேங்கர் மூலையில் பறக்காத ஒரு புஷ்பக் விமானம் நின்றது. எச்ஏஎல் செய்தது, முதலில் பறந்தது 1958-ல். அதற்கு முன்சக்கரம் கிடையாது, வாலில்தான் மூன்றாவது சக்கரம். கனத்தின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் பக்கக்காற்றில் கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் வரப் பார்க்கும், விமானம் ரன்வேயிலேயே பம்பரம் சுற்றும். அதில் கற்றுக்கொண்ட தலைமுறை எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். "உங்களுக்கு முன்னால சக்கரம் வச்சுக் குடுத்தா அதையும் உடைக்கிறீங்க."

2 ஆகஸ்ட்

ஏன் முதல் குதியிலேயே எழுப்பிக்கொண்டு போகவில்லை? நாலு நாளாக இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.

ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வர ஆறு நிமிடம். மணிக்கணக்கு பத்தில் ஒரு பங்காகத்தான் போடுவார்கள், ஆறு நிமிடம் என்றால் 0.1. அந்த 0.1-க்கு எத்தனை ரூபாய் என்று எனக்கு மனப்பாடம். அக்கா கல்யாணத்துக்கு என்று அம்மா போட்டுவந்த சீட்டை எடுத்துத்தான் அந்த மாதம் கட்டியிருந்தோம். மிதந்துகொண்டிருந்தபோது காற்றை நினைத்தேனோ இல்லையோ, 0.1-ஐ நினைத்தேன். இது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த இழையில் என் ஞாபகத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

மீதிப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினேன். வேலை கிடைக்கவில்லை. இப்போது பம்ப்செட் வியாபாரம். அக்கா கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போய் நடந்தது.

முதலில் கேட்ட அப்பாவுக்கு: பள்ளியில் மூன்று விஷயம் கேளுங்கள். மாணவர் தனியாகப் போக எவ்வளவு காற்றுவரை அனுமதி, வீச்சுக்குத் தனி வரம்பு இருக்கிறதா. குதித்தால் என்ன செய்வது என்று வேண்டுமென்றே குதிக்க வைத்துச் சொல்லித்தருகிறார்களா. சின்னக் குதி என்றால் மூக்கை அப்படியே வைத்து, கொஞ்சம் சக்தி கொடுத்து உட்கார விட வேண்டும். பெரிய குதி என்றால் திராட்டில் முழுக்க, ஃபிளாப்பைப் பாதிக்குக் குறைக்காமல் மெல்லக் குறைத்து, கிளம்பிவிட வேண்டும். மூன்றாவது கேள்வி, இறங்காமல் எழுப்பிக்கொண்டு போன சுற்றுக்குக் காசு வாங்குகிறார்களா. வாங்கத்தான் செய்வார்கள். மகளிடம் அந்தக் காசை நீங்கள் முன்கூட்டியே தனியாகக் கொடுத்துவிடுங்கள், வேறு எதற்கும் இல்லை என்று சொல்லி.

2 ஆகஸ்ட், இரவு

ஃபிளாப் பற்றி எழுதியது குழப்பமாகிவிட்டது. செஸ்னா 152-ல் 30-லிருந்து 20 டிகிரிக்கு முதலில், வேகம் 55-க்கு வந்தபின் மீதியை மெல்ல. சட்டென்று முழுக்க எடுத்தால் விமானம் அமிழும். அவளுடைய விமானம் வேறு ரகம் என்றால் அதன் கையேடுதான் பேச வேண்டும், நான் இல்லை.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

வீட்டில் சித்திரான்னம் கிண்டுகிறார்கள். எனக்கு வேலை இல்லை என்று பரணில் ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் என் பறப்புக் கணக்கு எழுதின லாக்புக் கிடைத்தது. முதுகு கரையான் அரித்திருக்கிறது, பக்கங்கள் நன்றாக இருக்கின்றன.

தேதி 1996 ஆகஸ்ட் 20.

ஆவணி. ஆடியே இல்லை. இருபத்தொன்பது வருடமாக ஆடிக் காற்று, ஆடிக் காற்று என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்த வரியில் பறந்த நேரம் 0.6. மொத்தம் முப்பத்தொன்று இல்லை, இருபத்தாறரை. இறங்கிய எண்ணிக்கை என்ற கட்டத்தில் நான் பேனாவால் 1 என்று போட்டிருக்கிறேன். அதன் மேல் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தில், பென்சிலால், 3.